எட்டுப் பேருக்கும் ஒரே வால்

“நேரம் தவறாத விமானம்தான் வேணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

“எழுதினோம். அதுக்காக அதையே குடுத்துடறதா?”

“பின்ன என்னண்ணே பண்றது? படிவத்துல நாலு கட்டம் போட்டிருந்தேன். நேரம், இருக்கை, சாப்பாடு, மரியாதை. எட்டுப் பேரும் ‘நேரம்’னுதான் டிக் போட்டிருக்கீங்க. ஒருத்தர்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகல.”

“ஏம்மா, காகிதத்துல கட்டம் போட்டு நீட்டினா மனுஷன் எதை டிக் பண்ணுவான்? பாக்கறவங்க மெச்சற மாதிரி ஒண்ணைப் பண்ணுவான். சாப்பாடுன்னு போட்டா ‘வயித்துக்குன்னே பொறந்தவன்’னு சொல்லிச் சிரிக்க மாட்டீங்க?”

இப்படி மடக்கியவருக்கு அந்த அலுவலகத்தில் ஐம்பது கிலோ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. இளவயதில் ஐம்பது கிலோ எடைக்கல்லை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறியவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது அவரே இரண்டு ஐம்பது கிலோ இருந்தார். ஒரு கிராம் பிசகினாலும் சண்டைக்கு நிற்கும் அந்த அலுவலகத்தில், திருத்தாமல் விட்டுவைத்த ஒரே எடை அவருடையதுதான்.

அவர் எதிரே மேசைக்குப் பின்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் டிக்கெட் போடுகிறவள். சின்னவர்களுக்கு டிக்கெட்டக்கா, பெரியவர்களுக்கு வெறும் ‘ஏம்மா’.

தராசுகளைச் சரிபார்க்கும் நிறுவனம் அது. சர்க்கரை ஆலையோ மருந்துக் கூடமோ, எங்கே தராசு இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு முறை போய், கையோடு கொண்டுபோன கற்களை ஏற்றி இறக்கி, சரியா தப்பா என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எட்டு மெக்கானிக்குகள். வாரத்தில் பாதி நாள் வானத்திலும் மீதி நாள் தராசுக்கு அடியிலும் இருப்பார்கள். அவர்களை வானத்தில் ஏற்றுவது அவள் பொறுப்பு. பதினோரு வருடங்களில் ஏழாயிரம் டிக்கெட்டுகள் போட்டிருப்பாள். ஒருமுறைகூட அவள் விமானம் ஏறியதில்லை. எந்த ஊர் விமான நிலையத்தில் எந்த வாசலுக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த வாசல் எப்படி இருக்கும் என்றால் தெரியாது. போகவே போகாத தேசத்துக் கதைகளைப் படித்துப் படித்து, அங்கே எந்தத் தெருமுனையில் விளக்குக்கம்பம் என்பதுவரை தெரிந்து வைத்திருப்பவர்கள் உண்டல்லவா, அப்படி ஓர் அறிவு.

அவர்கள் போகும் ஊர்களுக்கெல்லாம் இரண்டே விமான நிறுவனங்கள்தான் பறந்தன. ஒன்றுக்கு வால் நீலம், மற்றொன்றுக்கு மஞ்சள். அலுவலகத்தில் யாரும் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. நீலவால், மஞ்சள்வால். நீலவால் சொன்னால் சொன்ன நேரத்துக்கு வரும். மஞ்சள்வால் வரும், அவ்வளவுதான் சொல்ல முடியும். போன வருடம் மட்டும் நூற்று நான்கு தடவை தாமதம்.

இனிமேல் எல்லோரும் ஒரே நிறுவனத்தில்தான் பறக்க வேண்டும், எதில் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் படிவம் அடித்தாள். எட்டுப் பேரும் ‘நேரம்’ என்றார்கள். அவளும் நம்பி அனுப்பிவிட்டாள். மேலிடம் தாமதக் கணக்கைப் பார்த்து, “நீலவால். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் எட்டுப் பேரின் சம்மதக் கையெழுத்தும் கிளைத் தலைவரின் கையெழுத்தும் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் வேலையை வெளி ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுகிறோம்” என்று பதில் போட்டது. அப்போதுதான் தெரிந்தது, எட்டுப் பேரும் உயிரை விட்டாலும் மஞ்சள்வாலை விட மாட்டார்கள் என்று.

“வெளி ஏஜென்ட் வந்தா நான் எங்க போவேன் தெரியுமில்ல?” என்றாள் அவள்.

ஐம்பது கிலோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தெரியும். கல் அறைக்கு.

மாடியில், இரட்டைக் கதவுக்குப் பின்னால் இருந்தது கல் அறை. எல்லாக் கற்களுக்கும் தாய்க்கற்கள் அங்கேதான் கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் தூங்கின. கையுறை போட்டுக்கொண்டு மெத்தென்ற துணியால் அவற்றை நாள் முழுக்கத் துடைக்க வேண்டும். விரல் ரேகை பட்டால் எடை கூடும். மூச்சின் ஈரம் பட்டால் எடை கூடும். அதனால் அங்கே யாரும் பேசக் கூடாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு ஐந்து பேர் கண்ணாலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஃபோனிலும் எதிரே நிற்பவரிடமும் பேசி மூவரையும் சிரிக்க வைக்கிறவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது மீனை மரத்தில் ஏற்றி வைப்பது போலத்தான்.

“உங்க மேல எனக்கு மதிப்பு இருக்கும்மா. ஆனா நீலவால்ல நான் ஏற மாட்டேன். அவன் கவுண்டர் தராசு முந்நூத்தி நாப்பது கிராம் அதிகம் காட்டுது” என்றார் ஐம்பது கிலோ.

“ஏண்ணே, அது பெட்டி வைக்கற தராசு. பறக்கப்போறது விமானம்.”

“தராசையே ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாதவன் விமானத்தை மட்டும் ஒழுங்கா வெச்சிருப்பானா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் எழுந்து போய்விட்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அன்று அவருக்குக் காலை முறை என்பதால் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீ தப்பாக் கேட்டிருக்க” என்றார் அவர்.

“எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசாதீங்க.”

“சரி, ஒண்ணு சொல்றேன். எனக்கு முன்னாடி ஒரு வண்டி போகுது. புது வண்டி. காலியாப் போகுது. அதை விட்டுட்டு எட்டு நிமிஷம் நின்னு என் வண்டியில ஏர்றாரு ஒருத்தர். தினமும். நானும் ரெண்டு வருஷமா, ஆகா, நம்ம ஓட்டற அழகுக்குத்தான் மனுஷன் காத்துக்கிட்டிருக்காருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போன மாசம் வாயை விட்டுக் கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“முன்னாடி வண்டியில அவரோட பழைய சம்பந்தி வர்றாராம். மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலையாம்.”

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாள். “இதை அவர் படிவத்துல எழுதியிருப்பாரா?”

“எழுதுவாரா? ‘ஓட்டுநர் நிதானமாக ஓட்டுகிறார்’னு எழுதியிருப்பாரு. நானும் அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர். வெங்காயத்தால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் முதல் வேலையாக அவள் இறகுக்கு ஃபோன் போட்டாள். இறகு மெக்கானிக்குகளிலேயே ஒல்லி. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஏதோ ஒரு ஆலையில் லாரி எடைமேடைக்குக் கீழே படுத்திருந்தான்.

“தம்பி, படிவத்தை மற. மஞ்சள்வால் உனக்கு ஏன் பிடிக்குது?”

“இருக்கை நல்லா சாயுதுக்கா.”

“ரெண்டுலயும் ஒரே இருக்கை. ஏழாயிரம் டிக்கெட் போட்டவகிட்ட விடாதே.”

ஃபோனில் லாரிச் சத்தம் குறைந்தது, இன்னும் உள்ளே நகர்ந்துபோனான் போலிருக்கிறது.

“அக்கா, பக்கத்துல யாரும் இல்லையே?”

“காலண்டர் மட்டும்தான்.”

“எங்க வீட்டுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை மச்சான் வருவாரு. என் பெண்டாட்டியோட அண்ணன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போவாரு. மூணு மணி நேரமும் எனக்குப் புத்திமதி. வேலையை மாத்து, வீட்டை மாத்து, மீசையை மாத்து. நீலவால்ல வந்தா நாலரைக்கு எறக்கி விட்டுடறான் படுபாவி. நானும் வாசல்ல, மச்சானும் வாசல்ல. மஞ்சள்வால் எங்க குலசாமிக்கா. எப்படியும் மூணு மணி நேரம் லேட்டு. நான் போய்ச் சேரும்போது அவர் செருப்பு மாட்டிக்கிட்டிருப்பாரு. ‘அடடா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா மச்சான்’னு ரெண்டு சொட்டு வருத்தப்பட்டு அனுப்பிடுவேன்.”

“அடப்பாவி.”

“அக்கா, இது வெளிய போச்சுன்னா என் வீட்டுல நான் வெளிய போகணும்.”

“போகாது” என்றாள் அவள். “நீலவாலுக்கு ராத்திரி ஏழரைக்கு எறங்கற விமானம் இன்னொண்ணு இருக்கு. இனிமே சனிக்கிழமைகள்ல நாலரைக்கு எறங்கறதுல உனக்கு இடமே கிடைக்காது. முழுக்க நிரம்பிடும். என்ன பண்றது, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகத்தானே ஆசை.”

“வீட்டுல நம்பலைன்னா?”

“எனக்கு ஃபோன் போடச் சொல்லு. நான் அழுதே காட்டறேன்.”

லாரிக்கு அடியிலிருந்து இறகு விட்ட பெருமூச்சில் எடைமேடை ஒரு கிராமாவது ஏறி இறங்கியிருக்கும்.

மில்லி நேரிலேயே வந்தாள். ஆய்வுக்கூடத்துச் சின்னத் தராசுகளைப் பார்க்கிறவள். ஒரு கண்ணிமை முடி விழுந்தாலும் காட்டிக்கொடுக்கிற தராசுகள். நாற்காலியை டிக்கெட்டக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட்டாள்.

“வீட்டுல ரெட்டைப் புள்ளைங்க, ரெண்டு வயசு. ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிக்கும், பேசி வெச்சுக்கிட்ட மாதிரி. மஞ்சள்வால்ல அந்தப் பொண்ணுங்க யாரையும் கண்டுக்கவே மாட்டாங்க அக்கா. தண்ணி கேட்டா எறங்கும்போது வரும். நீலவால்ல பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுப்பறாங்க. மேடம் சாப்பாடு. மேடம் பழச்சாறு. மேடம் குப்பை. அவ்வளவு மரியாதை. என்னை ஒன்றரை மணி நேரம் யாரும் எதுவும் கேக்காத ஒரே இடம் இந்த உலகத்துல மஞ்சள்வாலோட கடைசி வரிசைதான். அதையும் பிடுங்கிடாதீங்க.”

டிக்கெட் போடுகிறவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை நிறுத்தால் எத்தனை மில்லிகிராம் வரும் என்று தோன்றியது. பிறகு ஃபோனை எடுத்து நீலவாலுக்குப் பேசினாள். டிக்கெட்டிலேயே ‘சாப்பாடு வேண்டாம்’ என்று குறித்தால் தள்ளுவண்டி அந்த இருக்கையில் நிற்காது. கடைசி வரிசையில் ஜன்னலோரம் என்றால் யாரும் தாண்டிப் போகவும் மாட்டார்கள். “அவங்களுக்கு ஒலின்னாலே ஆகாது. ஒரு மாதிரி உடம்பு” என்றும் சேர்த்துவைத்தாள்.

“பசிச்சா?” என்றாள் மில்லி.

“வீட்டுல இருந்து ஏதாவது மடிச்சு எடுத்துட்டுப் போ. தூக்கத்தை மடிச்சு எடுத்துட்டுப் போக முடியாதில்ல?”

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கக்கினார்கள். ஒருவருக்கு மஞ்சள்வால் விமானியின் அறிவிப்புக் குரல் செத்துப்போன நண்பனின் குரல் மாதிரியே இருந்தது. நீலவாலில் புதன்கிழமைகளில் ஓட்டுகிற விமானியின் குரலையும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள் என்று அவள் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒருவர் ஏழு வருடத்துக்கு முன்பு நீலவாலில் ஒரு பணிப்பெண்ணிடம் அசடு வழிந்து, அவள் இன்னும் அங்கேயே இருப்பாளோ என்று பயந்துகொண்டிருந்தார். டிக்கெட்டக்கா மூன்று இடத்துக்குப் பேசி, அந்தப் பெண் கல்யாணமாகி வேலையை விட்டே போய்விட்டாள் என்று கண்டுபிடித்துச் சொன்னதும், அந்த மனிதர் நிம்மதியோடு கொஞ்சம் துக்கமும் பட்டார். மீதி மூவருக்குச் சொந்தக் காரணமே கிடையாது. ஐம்பது கிலோ எதில் ஏறுகிறாரோ அதில் ஏறுகிறவர்கள். அவருக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் உட்கார மாட்டார்கள்.

ஆக, எல்லாம் அந்த முந்நூற்று நாற்பது கிராமில் வந்து நின்றது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளும் ஐம்பது கிலோவும் விமான நிலையத்துக்குப் போனார்கள். இருபது கிலோ சோதனைக்கல்லை அதன் மரப்பெட்டியோடு தள்ளுவண்டியில் வைத்து அவர் தள்ளினார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தபோது அவள் நின்றுவிட்டாள். இத்தனை உயரக் கூரை இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் எல்லோர் மேலும் ஒரே அளவாக விழுந்தது. அவள் ஏழாயிரம் தடவை தட்டச்சு செய்த ஊர்களின் பெயர்கள் ஒரு பெரிய பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன.

“என்னம்மா?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்ல. எல்லாம் நெஜமாவே இருக்கு” என்றாள்.

நீலவால் கவுண்டரில் கூட்டம் வளைந்து நின்றது. கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரி ஒருவர் ஓடிவந்து, இது என்ன பெட்டி, எந்த விமானம், டிக்கெட் எங்கே என்றார். ஐம்பது கிலோ பெட்டியைத் திறந்து, கையுறை போட்டு, கல்லைக் குழந்தையைப் போலத் தூக்கி, பெட்டி வைக்கிற இடத்தில் வைத்தார். இருபது கிலோ முந்நூற்று நாற்பது கிராம் என்று சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்தது.

“இந்தக் கல் இருபது கிலோ. ஒரு கடுகு கூடாது, ஒரு கடுகு குறையாது. உங்க தராசு பொய் சொல்லுது” என்றார்.

“சார், சின்ன வித்தியாசம்தானே. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

ஆனால் அவர் மெதுவாகப் பேசிப் பழகியதெல்லாம் ஆலைகளில், எந்திரங்களுக்கு நடுவே. வரிசையில் மூன்றாவதாக நின்ற அம்மாளுக்குக் கேட்டது. அவர் பத்து நிமிடத்துக்கு முன்புதான் பெட்டியைத் தரையில் விரித்து, இருநூறு கிராம் அதிகம் என்று தன் வீட்டுக்காரரின் புதுச் செருப்பை வெளியே எடுத்துப்போட்டிருந்தார்.

“அப்ப என் செருப்பு?” என்றார் வீட்டுக்காரர், வெறும் காலோடு அல்ல என்றாலும் அப்படி நிற்பவர் போல.

“என் புத்தகம்!” என்றான் இன்னொருவன். “ரெண்டு நாவலை எங்கப்பாகிட்டக் குடுத்து அனுப்பிட்டேன்!”

“நான் போர்வையை உடம்புல சுத்திக்கிட்டு நிக்கறேன், பாருங்க!”

நிஜமாகவே ஒருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டுதான் நின்றார். வரிசை உடைந்து வட்டமாகிவிட்டது. அதிகாரியின் கழுத்துப்பட்டை ஒரு பக்கமாகத் திரும்பியது. “சார், தயவுபண்ணி ஏதாவது பண்ணுங்க” என்றார் அவர், சற்று முன்பு டிக்கெட் எங்கே என்று கேட்ட அதே வாயால்.

ஐம்பது கிலோ தரையில் குப்புறப் படுத்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு மென்மையாகப் படுக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தராசின் அடியில் கையை விட்டு, காது வைத்துக் கேட்பவர் போலக் கன்னத்தைத் தரையில் வைத்து, இரண்டு விரலால் எதையோ நிமிண்டி எடுத்தார். பயணிகளின் பெட்டியில் கட்டும் சீட்டு ஒன்று, நான்காக மடித்தது. தராசு ஆடாமல் இருக்க யாரோ எப்போதோ ஒரு காலுக்கு அடியில் செருகி வைத்தது. அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தட்டை ஓரத்தில் முட்ட வைத்திருந்தது. காலைத் திருகி மட்டம் பார்த்தார். எழுந்தார். கல்லை மறுபடி வைத்தார். இருபது, புள்ளி, அப்புறம் மூன்று பூஜ்யங்கள்.

கூட்டம் கைதட்டியது. செருப்புக்காரர் செருப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும் வழியில் ஐம்பது கிலோவின் சட்டை முழுக்கத் தரைத்தூசி. முகத்தில் மட்டும் ஏதோ ஒரு வெளிச்சம்.

“இனிமே அது என் தராசு. மாசம் ஒருதரம் வந்து பாக்கணும்” என்றார்.

“அப்ப கையெழுத்து?”

“போடறேன். நான் போட்டா அந்த மூணு பேரும் போடுவானுங்க. ஆனா ஒரு விஷயம். பெரியவரும் நீலவால்லதான் வரணும். மேல இருக்கறவங்களுக்கு ஒரு வால், கீழ இருக்கறவங்களுக்கு ஒரு வால்னா நான் ஒத்துக்க மாட்டேன். தராசுக்கு ஆள் பாத்து எடை காட்டத் தெரியாதும்மா.”

“பெரியவரும்தான் அண்ணே.”

“சத்தியமா?”

“சத்தியமா. இல்லேன்னா நீங்க கையெழுத்தைத் திருப்பி வாங்கிக்கங்க.”

பெரியவர் என்று அவர் சொன்னது கிளைத் தலைவரை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அதிர்ந்து பேசாதவர், அவர் அறைக்குள் போனால் வெளியே வரும்போது தாங்களும் மெதுவாக நடப்பதை எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். அவருக்கும் அவள்தான் டிக்கெட் போடுகிறாள். மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்துக்குப் போய்வருவார், எப்போதும் மஞ்சள்வாலில். பழக்கதோஷம் என்று அவள் நினைத்திருந்தாள். பழக்கத்தை மாற்றிக்கொள்ள ஒரு கையெழுத்து போதாதா?

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எட்டுக் கையெழுத்துகளோடு அவள் அவர் அறைக்குள் போனாள். அவர் தாளை வாங்கி ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார், கல்லில் முத்திரை பார்ப்பது போல.

“செவ்வாய்க்கிழமை எட்டுப் பேரும் சண்டைக்கு நின்னாங்களே. என்ன பண்ணின?”

“பேசினேன் சார்.”

“என்ன பேசின?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மேசையில் இன்னொரு தாள் இருந்தது. வெளி ஏஜென்ட்டின் கடிதம். வழவழப்பான காகிதம். “இவங்க பட்டனைத் தட்டினா டிக்கெட் வந்துடுமாம். இவங்ககிட்ட இல்லாதது உன்கிட்ட என்ன இருக்கு? நான் மேலிடத்துக்கு ரெண்டு வரி எழுதணும். சொல்லு, எழுதறேன்.”

அவள் நாக்கு நுனிவரை எல்லாம் வந்தது. மச்சானின் செருப்பு, இரட்டைப் பிள்ளைகள், செத்துப்போன நண்பனின் குரல். வாயைத் திறந்தால் போதும், எந்த ஏஜென்ட்டும் பக்கத்தில் வர முடியாது. திறக்காவிட்டால் மாடியில், இரட்டைக் கதவுக்குப் பின்னால், மூக்கைக் கட்டிக்கொண்டு ஆறாவது ஆளாக உட்கார வேண்டியதுதான்.

“என்கிட்ட இருக்கறதைச் சொல்லிட்டா, அப்புறம் அது என்கிட்ட இருக்காது சார்” என்றாள்.

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கதவின் மேல்பாதி கண்ணாடி என்பதால் சாத்தியும் பெரிய பயனில்லை. வெளியே அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஐம்பது கிலோ, கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப நான் ஒண்ணு சொன்னா, அதுவும் வெளிய போகாது?”

“போகாது சார்.”

“எல்லாரையும் கேட்ட. நான் ஏன் மஞ்சள்வால்ல போறேன்னு கேக்கவே இல்லையே.”

“உங்களுக்குப் படிவம் நீட்ட யாருக்கு சார் தைரியம் இருக்கு?”

அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, பேனாவை எடுத்து, அதை மேசைமேல் நேராக வைத்தார்.

“அதுல ஒரு அம்மா இருக்காங்க. பணிப்பெண்ணுன்னு சொல்ல முடியாது, வயசாயிடுச்சு. விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் பெல்ட் போட்டிருக்காங்களான்னு பாத்துக்கிட்டே வருவாங்க. மத்தவங்க கண்ணால பாத்துட்டுப் போயிடுவாங்க. இந்தம்மா குனிஞ்சு, வாரை ஒரு இழு இழுத்துப் பாத்துட்டு, ‘சரியா இருக்கு’ன்னு சொல்வாங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா சார்?”

“ஒரு நாளைக்கு இந்த மேசைக்கு நாப்பது சான்றிதழ் வருது. நாப்பதுலயும் ‘சரியா இருக்கு’ன்னு நான் கையெழுத்துப் போடறேன். முப்பத்தொரு வருஷம். ஊர்ல இருக்கற தராசு எல்லாத்துக்கும் நான் சொல்லியாச்சு. என்னைப் பாத்து யாராவது அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கியா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். மனிதர்கள் இந்த அறைக்குள் வருவதே ஏதோ சரியில்லாதபோதுதான். வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது, அவர் மனைவி ஃபோனில் கூப்பிடும்போதெல்லாம் முதல் வார்த்தையே “இன்னும் அதைப் பண்ணலையா?” என்றுதான் இருக்கும்.

“ஏஜென்ட் வந்துட்டா அதிகாரிங்க மட்டும் எதுல வேணும்னாலும் போகலாம்னு ஒரு விதி இருக்கு. அதனாலதான் இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடாம வெச்சிருந்தேன். உன் வேலைக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன். தப்புதான்” என்றார் அவர். சொல்லிவிட்டு, எட்டுக் கையெழுத்துகள் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒன்பதாவது இடத்தின் மேல் முனையை நிறுத்தினார்.

நான்கு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது கிலோ கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, ‘பெரியவர் போட்டாச்சா?’ என்று வாயசைத்துக் கேட்டார். அவள் அவரைப் பார்க்காதது போலத் தரையைப் பார்த்தாள்.

பேனா இறங்கவில்லை. பெரியவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

“எட்டுப் பேரும் நீலவால்ல போகட்டும். எனக்கு மட்டும், யாருக்கும் தெரியாம, மாசத்துக்கு ஒரே ஒருதரம் மஞ்சள்வால் போட்டுக் குடுப்பியாம்மா?”